பயணக்காரனின் கல்

அண்ணை,

இன்று காலை போனில் ஒரு கல்லின் படம் வந்தது. இன்னும் ஓர் எழுத்தும் வெட்டாத கல். கிரைமியாவில் மிஞ்சியிருக்கும் உங்கள் கராயிம் இனத்து ஆட்களில் ஒரு பெண்மணியை, நீங்கள் செத்தபிறகு எட்டு மாதம் தேடிப் பிடித்தேன். "பெயரும் தகப்பன் பெயரும் அனுப்புங்கள். கல் வெட்டுகிறவர் நாளை விடியற்காலை ஊரைவிட்டுப் போகிறார், பிறகு ஆள் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

உங்கள் தகப்பன் பெயர் எனக்குத் தெரியாது.

பதினொரு வருடம் விமான நிலையத்தில் ஒரே ஷிப்டில் பெட்டி தூக்கினோம். லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டில் நான் மேலே, நீங்கள் கீழே. பேசியது இரண்டு பேரின் உடைந்த இங்கிலிசில்தான். இப்போது நினைத்தால் எல்லாம் தமிழில் கேட்கிறது. வெள்ளிக்கிழமை பொழுதுபட நான் சாமிப்படத்துக்கு விளக்கேற்றுவேன். நீங்கள் லைட்டையும் அணைத்துவிட்டு இருப்பீர்கள். "என்ன அண்ணை, பியூஸ் போயிட்டுதோ?" என்றால் சிரிப்பீர்கள். "ஓய்வுநாளில நெருப்பு மூட்டாதே எண்டு வேதத்தில கிடக்கு. எழுத்தில உள்ளதை மட்டும்தான் நாங்கள் பிடிப்பம்."

அந்த இருட்டில்தான் உங்கள் ஊர்க் கோட்டையைச் சொன்னீர்கள். மலையுச்சியில் இடிந்த மதில், பாறையைக் குடைந்த வீடுகள், வண்டிச் சில்லு பள்ளமாக்கிய கல் தெரு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் தொழுகைக் கூடம். கீழே பள்ளத்தாக்கில் சவக்காலை. தூர தேசத்தில் செத்தவனுக்கும், உடல் இல்லாமலே, அங்கே 'பயணக்காரனின் கல்' என்று ஒன்று வைப்பார்களாம்.

"எனக்கும் ஒண்டு வைப்பியோ?"

"வைக்கிறன் அண்ணை. யோசியாதேங்கோ."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். இன்று ஞாயிறு, சாவைப் பதிந்த கவுன்சிலில் போன் எடுக்க ஆளில்லை. ஆஸ்பத்திரித் தாளில் தகப்பன் பெயர் இல்லை. உங்கள் பெட்டியை, நீங்கள் செத்த கிழமையே, நான் ஷிப்ட் முடிந்து வருமுன்னே வீட்டுக்காரர் குப்பையில் போட்டுவிட்டார். தலையைச் சுவரில் மோதலாம் போல இருக்கிறது.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக நிற்பது அப்பாவின் பெயர். வேலையிலும் டொக்டரிடமும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் எழும்பிப் போகிறேன். "அது உன்ர பேரில்லையே" என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள். அப்பாவின் கதை முழுவதும் உங்களிடம் கொட்டினேன். உங்கள் அப்பா ஆர் என்று ஒருதரமாவது திருப்பிக் கேட்டேனா? பாவி நான்.

தெரியாது என்று எழுதியதற்கு, மத்தியானம் அந்தப் பெண்மணி மறுபடி எழுதினார். "தகப்பன் பெயர் இல்லாமல் எங்கள் கல்லில் வெட்ட முடியாது."

எழுத்தை மட்டும் நம்புகிறவர்களின் மண்ணில் ஒரு பொய்யை எழுத வைத்துவிட்டேன், அண்ணை. என் அப்பாவின் பெயரை அனுப்பினேன். எனக்குத் தெரிந்த தகப்பன் பெயர் அது ஒன்றுதான்.