எனக்குப் பின்னால் நிற்பவர்கள்

கிட்டோங்கோ கிராமம்
பிப்ரவரி 11

நம்பூசியின் அப்பாவுக்கு,

நானும் மகளும் நலம். தீவில் மீன் படுகிறதா? ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கோபம்தான், இருந்தாலும் படகுக்காரரிடம் வறுத்த கடலை கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஒரு செய்தி. நஜ்ஜுகாவின் காப்பித் தோட்டத்தை அவள் புருஷன் அவளுக்கே தெரியாமல் விற்றுவிட்டான். மனைவி சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் கிராமத் தலைவரான உங்கள் அண்ணன் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். இது மூன்றாவது தோட்டம். வரும் தேர்தலில் அவரை எதிர்த்து என்னை நிற்கச் சொல்லிப் பெண்களெல்லாம் வந்தார்கள். சரி என்றுவிட்டேன்.

நம் ஊரில் சீட்டும் பெட்டியும் கிடையாது, வேண்டியவர் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். நீங்கள் வந்து என் பின்னால் நில்லுங்கள்.

உங்கள்
நபுக்கேரா

தீவிலிருந்து
பிப்ரவரி 19

நபுக்கேரா,

கடலையும் வந்தது, செய்தியும் வந்தது. கடலை மட்டும்தான் செரித்தது.

அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அண்ணன். ஊரே பார்க்க அவருக்கு எதிர்வரிசையில் நான் நிற்பதா? நேற்று இங்கே வந்திருந்தார். "என் முன்னால மண்டி போட்டு வணக்கம் சொல்றவ, என் நாற்காலிக்கு ஆசைப்படுறாளா? அடக்கி வைடா" என்று படகுத்துறையில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள். இல்லையென்றால் அந்த வீட்டு வாசலை இனி நான் மிதிக்க மாட்டேன்.

கிவும்பி

கிட்டோங்கோ
பிப்ரவரி 26

நம்பூசியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பயமாகத்தான் இருக்கிறது. பதினோரு வருஷம் வாழ்ந்த வீட்டில் தனியாக நிற்க யாருக்கு ஆசை?

அண்ணன் முன்னால் இனியும் மண்டி போடுவேன், அது மரியாதை. விலக மட்டும் மாட்டேன். நீங்கள் அவர் வரிசையில்தான் நிற்பீர்கள் என்றால் நில்லுங்கள். தீவில் ஒளியாமல் வந்து நில்லுங்கள். சாப்பாடு வைத்திருப்பேன்.

நபுக்கேரா

கிட்டோங்கோ
மார்ச் 14

கிவும்பி அவர்களுக்கு,

தேர்தலன்று, எண்ணி முடிக்கும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாதென்று அதிகாரி சொல்லியிருந்தார். "திரும்பாதே அக்கா, உன் முதுகு நிறைய நாங்கதான்" என்றாள் பின்னால் நின்ற நஜ்ஜுகா. நூற்றுப் பன்னிரண்டு பேர். அண்ணனுக்குத் தொண்ணூற்றேழு. அதில் நீங்கள் கடைசி ஆள்.

அதற்கு நான் வருந்தவில்லை. வளர்த்த நன்றி என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடாமல் படகேறினீர்களே என்றுதான் வருத்தம்.

நேற்று அண்ணன் முத்திரையையும் ஊர்ப் பத்திரங்கள் இருந்த பெட்டியையும் ஒப்படைத்தார். நஜ்ஜுகாவின் பத்திரத்துக்குக் கீழே நம் வாழைத் தோட்டத்தின் பத்திரம் இருந்தது. நீங்கள் விற்றிருக்கிறீர்கள், அவர் முத்திரை குத்தியிருக்கிறார். தேதி ஜனவரி இருபது. நான் தேர்தலை நினைத்தே பார்க்காத நாள். என்னை எதற்கு விலகச் சொன்னீர்கள் என்று இப்போது புரிகிறது.

மனைவியின் சம்மதம் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. பெயருக்கு நேரே ஒரு கட்டைவிரல் ரேகை. இத்தனை வருஷமும் உங்களுக்குக் கடிதம் எழுதியவள் கைநாட்டு வைப்பாளா?

ஞாயிற்றுக்கிழமை கிராம மன்றம் கூடுகிறது. என் வழக்கை நானே விசாரிக்கக் கூடாது. அதனால் நாற்காலியில் துணைத் தலைவி நஜ்ஜுகா உட்காருவாள், நான் உங்களுக்கு எதிரே நிற்பேன். அந்த விரல் யாருடையது என்று எல்லார் முன்னாலும் வந்து சொல்லுங்கள்.

நபுக்கேரா
(கையெழுத்து)