பாதுகாப்பு என்ற சொல்

2009 மே 20, புதன்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் யன்னலை இரண்டு முறை உடைத்துவிட்டார்கள். கமரா பூட்ட இங்கத்தைய அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. "பாதுகாப்புக் கூட்டம், ஞாயிறு" என்று அறிவித்தல் எழுதிக் கதவில் ஒட்டினேன். என் புத்தி எங்கே போனதோ!

சங்கத்தில் சமைக்கும் மலர் அக்கா அதைப் பார்த்தபடியே நின்றார். அவருடைய தங்கச்சி குடும்பம் வன்னியில், அங்கத்தைய அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. சண்டை முடிந்துவிட்டதாம். அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"தம்பி, உந்தச் சொல்லை எடுத்துவிடும். உதை நம்பித்தான் அவள் பிள்ளையளோட உள்ளுக்குப் போனவள்."

கிழித்துவிட்டு, "கமராக் கூட்டம்" என்று எழுதினேன்.

மானிய விண்ணப்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் அதே சொல், ஆங்கிலத்தில். அதை யாரிடம் சொல்லி எடுப்பது?