நாத்தனாரின் நாக்கு

மார்ச் 3, செவ்வாய்
காய்ச்சல் விட்டு ஆறு நாள். வாசனையும் ருசியும் திரும்பவில்லை. கோகோ டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். மூக்கில் தூள் ஒட்டியதுதான் மிச்சம். வேலையை விட்டுவிட்டு வீட்டில் சாக்லேட் செய்து விற்கக் கிளம்பியவளுக்கு வந்த நோயைப் பார்! வெள்ளிக்கிழமை பேக்கரிக்கு அறுபது பெட்டி போகணும். முதல் ஆர்டர். செய்முறை கைக்குத் தெரியும், ருசி பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறது. சமாளித்துவிடலாம்.

மார்ச் 5, வியாழன்
வீட்டுக்காரர், "சூப்பர்." மகள், "செமயா இருக்கும்மா." மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "அமிர்தம்." அப்பாடா.

மார்ச் 9, திங்கள்
அறுபது பெட்டியும் திரும்பி வந்துவிட்டது. பேக்கரிக்காரர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "பூண்டு வாடை வருதும்மா" என்றார் மெதுவாக.

சாக்லேட் தட்டை ஃப்ரிட்ஜில் பூண்டு விழுதுக்குப் பக்கத்தில் இறுக வைத்திருக்கிறேன். சாக்லேட் பக்கத்தில் எது இருந்தாலும் வாடையை இழுத்துக்கொள்ளும். எனக்குத் தெரியாததா? வாடை தெரிந்தால்தானே தட்டை மாற்றத் தோன்றும்!

மூன்று வாய் தின்றதே, ஒன்றாவது சொல்லக்கூடாதா? கேட்டேன். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "உன் மனசு கஷ்டப்படும்னுதான்..."

அப்போ இத்தனை வருஷமா சொன்னது? ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அமிர்தம், அமிர்தம்னீங்களே! அதை நம்பித்தானே வேலையை விட்டேன். பாவிங்களா.

மார்ச் 10, செவ்வாய்
பேக்கரிக்காரரிடம் கெஞ்சினேன். பதினேழாம் தேதி இன்னொரு தடவை பார்க்கிறாராம். அதுவும் சரியில்லை என்றால் வேறு ஆள். என் பழைய நாற்காலியிலும் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. கண்ணீர் வாய்க்குள் இறங்கியது, உப்புகூடக் கரிக்கவில்லை.

மார்ச் 11, புதன்
உண்மை பேசுகிற வாய் ஒன்று இருக்கிறது. நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு வருஷம் முன்பு என் சாக்லேட்டைத் தின்றுவிட்டு எல்லார் முன்னாலும், "இதுக்குச் சர்க்கரையையே அள்ளித் தின்னலாமே" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. அவளிடமா போய் நிற்பது? செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 12, வியாழன்
போனேன்.

வாசலில் நின்றபடியே ஒன்றைக் கடித்தாள். துப்பினாள். "மெழுகு மாதிரி இருக்கு. இனிப்பும் திகட்டுது."

கோபமே வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பயந்துபோய், "ஏய், அவ்வளவு மோசமில்லடி" என்றாள்.

"வேணாம் அண்ணி. மோசம்னே சொல்லுங்க."

மார்ச் 15, ஞாயிறு
தினம் காலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறாள். துப்பக் கிண்ணம்கூட அவளே எடுத்து வருகிறாள். இன்று நாலு துப்பல்.
"கொஞ்சம் நிதானமா தின்னு பாருங்க அண்ணி."
"நிதானமா தின்னாலும் இதேதான்."
இன்னும் இரண்டே நாள்.

மார்ச் 17, செவ்வாய்
விழுங்கினாள். உட்கார்ந்து பெட்டிகளுக்கு ரிப்பன் கட்ட ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்
இப்போது பேக்கரிக்கு வாரம் நூறு பெட்டி. இன்று காலை பால் பொங்கி வழிந்து தீய்ந்துவிட்டது. ஓடிப்போய் அடுப்பை அணைத்த பிறகுதான் உறைத்தது – வாடை தெரிந்துதானே ஓடினேன்! ஒரு சாக்லேட்டை எடுத்து வாயில் போட்டேன். கசப்பு, இனிப்பு, ஏலக்காய், எல்லாம் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மணி அடித்தது. கிண்ணத்தோடு நின்றாள்.

"என்னடி, தீஞ்ச வாடை தெருமுனை வரைக்கும் அடிக்குது. உனக்கு இன்னுமா தெரியல?"

"தெரியல அண்ணி. உள்ள வாங்க" என்றேன்.