ஈயம் உருக்கிய மண்

இன்று தட்டாஞ்சாவடியில் ஒரு கடை வாசலில் பழைய பேட்டரியைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

சாரம் பகுதியில் நம் தெருக்கோடிக் காலி மனையில் முதன்முதலாகக் கீரை அறுத்தோமே, அந்தக் காலை. குப்பைமேடாகக் கிடந்த இடத்தைத் தெருவே கூடித் தோட்டமாக்கியிருந்தது. தெருச் சங்கத் தலைவர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். நீ நேராக வந்து கூடையின்மேல் கையை வைத்தாய்.

"யாரும் இத சமைக்காதீங்க. குப்ப கொட்றதுக்கு முன்னாடி இங்க பேட்டரி ஒடச்சி ஈயம் உருக்குனாங்க."

தலைவரின் முகம் இறுகியது. "அது எந்தக் காலம்மா? எத்தன மழ பெஞ்சிருக்கு."

"மழ பெஞ்சா ஈயம் எங்க போவும்?"

"புள்ளைங்க ஆசையா வளத்தது. வேணும்னே கெடுக்கிறீங்க" என்றாள் புதிதாகக் குடிவந்த ஒருத்தி. கூட்டம் உன்னை நெருங்கியது. உன் குரல் மட்டும் உயரவில்லை.

"எங்கண்ணன் அந்தப் பட்டறையிலதான் வேல செஞ்சாரு. அதே சட்டையோட வந்து எம்பொண்ணத் தூக்குவாரு. அவளுக்குப் படிப்பே ஏறல. ரத்தத்துல ஈயம் இருக்குன்னு டாக்டர் சொன்னப்புறந்தான் தெரிஞ்சுது."

இத்தனை வருஷம் பக்கத்து வீட்டிலிருந்த எனக்கே நீ சொல்லாத விஷயம் அது. உன் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளையின் சித்தி அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தாள். அது உனக்குத் தெரியும். என் கையிலிருந்த கீரைக்கட்டைத் திரும்பக் கூடையில் போட்டேன். பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள், தலைவரைத் தவிர.

மண்ணைச் சோதனைக்கு அனுப்பினோம். அதில் விளைவது எதையும் சாப்பிடக்கூடாது என்று பதில் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதற்கு முன்பே வருவதை நிறுத்தியிருந்தார்கள். நான் கேட்டபோது, "போனா போவட்டும். அந்தக் கீரைய எந்தப் புள்ள தின்னிருந்தாலும் எனக்குத் தூக்கம் வந்திருக்காது" என்றாய்.

இப்போது தரையில் பூச்செடிகள் மட்டும். கீரைக்கு வெளி மண் கொண்டுவந்து தொட்டி கட்டியிருக்கிறோம். போன வாரக் கூட்டத்தில் புதியவர்கள் சிலர், தொட்டியெல்லாம் வீண் வேலை, தரையிலேயே விதைக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். நான் பழைய கதையைச் சொன்னேன். "யாரோ ஒரு புள்ளைக்கு வந்துச்சின்னு..." என்று ஒருவர் சிரித்தார்.

பின்வரிசையிலிருந்து உன் மகள் எழுந்தாள். "அந்தப் புள்ள நான்தான்" என்றாள்.

அவள் நிமிர்ந்து நின்ற விதம் அப்படியே நீ.