கழுத்தளவு

மார்ச் 3, செவ்வாய்

நான் அனுப்பின உடுப்புப் பெட்டியைத் தங்கச்சி பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள். போனில் காரணமும் சொன்னாள். "விலைச்சீட்டு கிழிக்காத உடுப்பே இங்க ஒரு அலமாரி கிடக்குக்கா. போடுறதுக்குள்ள பாப்பா வளர்ந்துடுறா. கடையிலேயே வித்துடு." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன்.

குழந்தை உடுப்புக் கடை, நான் ஒண்டியாக நின்று தூக்கி நிறுத்தியது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதி என் கடைத் துணியில்தான் தவழ்கின்றன. என் தங்கச்சி மகளுக்குப் பதினொரு மாதம். இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துவிட்டு வந்தேன்.

கூப்பிடாமல் போகக் கூடாது என்று ஒரு வீம்பு. கூப்பிட மாட்டாளா என்று ஒரு ஏக்கம். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன பண்ண?

மார்ச் 4

பெட்டியில் வந்த உடுப்பில் பாதி மதியத்துக்குள் விற்றுப்போச்சு. சந்தோஷமே வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கடைக்கு வந்த குழந்தையின் கழுத்தில், சட்டை நனையாமல் கட்டுகிற எச்சில் துணி. கோணல் தையல், ஓரத்தில் ஒரு பூ. எங்கே வாங்கினது என்று தாயிடம் கேட்டேன். "வாங்கலைங்க. இவ பெரியம்மா தச்சுக் கொடுத்தது." எவ்வளவு பெருமை! நான் அடுக்கி வைத்திருந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நானும் ஒரு பெரியம்மாதானே?

மார்ச் 10

எச்சில் துணி ஒன்று தைக்க ஊசி பிடித்தேன். இத்தனை வருஷம் துணி விற்றும் ஒரு பொத்தான் தைத்ததில்லை. ஒரு அங்குலம் வீணாகாமல் வெட்டினேன், வியாபார புத்தி. தையலுக்கு ஓரம் விட வேண்டும் என்பது தைத்து முடித்ததும்தான் தெரிந்தது. கழுத்து வளையம் என் மணிக்கட்டுக்கே இறுக்கம்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் தூக்கிப் பார்த்தார். "பொம்மைக்காம்மா?"

"பதினொரு மாசக் குழந்தைக்குய்யா."

"மாசத்துக்கா அளவு எடுப்பாங்க? குழந்தைக்கு எடுங்கம்மா."

வாயாடி. ஆனால் சொன்னது சரிதான். நான் மாதக் கணக்கில் விற்கிறவள். அவள் கழுத்து எவ்வளவு என்று எனக்கென்ன தெரியும்?

மார்ச் 11

தங்கச்சியைக் கூப்பிட்டு அளவு கேட்டேன்.

"எதுக்குக்கா?"

"தைக்கப் போறேன்."

"நீயா?" அப்படி ஒரு சிரிப்பு. பின்னால் குழந்தை ஏதோ கத்தினாள்.

"என்னடி சொல்றா?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

அந்தச் சும்மாவைத்தான் நான் கேட்கணும். அதை எப்படிச் சொல்வேன்? அவளே சொன்னாள்: "கழுத்தெல்லாம் எனக்கு அளக்கத் தெரியாது. ஞாயித்துக்கிழமை நீயே வந்து அளந்துக்கோ."

மார்ச் 14

நாளைக்கு. மஞ்சள் சேலையா, நீலமா? சரக்கு எடுக்கப் போகும்போதுகூட இப்படி யோசித்ததில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அளக்கவே விடவில்லை கழுதை. டேப்பைப் பிடுங்கிக் கடித்தாள். தரையில் உட்கார்ந்து மல்லுக்கட்டினேன். சேலையெல்லாம் எச்சில். பிறகு என் மடியிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். கால் மரத்துப்போச்சு, அசையவில்லை. தூங்கும்போது அளந்திருக்கலாம். அளந்துவிட்டால் வேலை முடிந்துவிடுமே.

"அளந்துட்டியாக்கா?"

"இல்லடி. இன்னொரு நாள் வரணும்."

தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்றதுக்கு உனக்கு ஒரு காரணம் வேணுமாக்கா?" என்றாள். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

மார்ச் 17

அவளே போன் செய்தாள். அடுத்த மாதம் மறுபடி வேலைக்குப் போகிறாளாம். சனிக்கிழமை மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சனிதான் கடையில் கூட்டம் நெரிகிற நாள். நான் புதனும் சேர்த்துக் கேட்டேன்.

"அக்கா, பேரம் பேச இது கடையில்ல."

"வேற மாதிரி பேச எனக்கு வராதுடி."

சிரித்துவிட்டாள். புதன் கிடைக்கவில்லை.

முடிவானது: சனிக்கிழமைதோறும் காலையிலிருந்து அவள் வரும்வரை. அன்றைக்குக் கடை அடைப்பு. சரக்குக்காரன் போன் செய்தால் எடுக்கக் கூடாது. அவள் வேலையிலிருந்து வந்த பிறகும், குழந்தை தூங்கிவிட்டாலும், நான் உடனே கிளம்ப வேண்டியதில்லை.