அளவெடுக்காமல் தைத்த சட்டை

பாப்பா,

நான் இருந்தால் படியேற மாட்டேன் என்று நீ அம்மாவிடம் போனில் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதனால் கடைக்குப் போகிறேன். நீ கிளம்பிய பிறகுதான் வருவேன்.

அம்மாவின் சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக் கொடு. வாசலில் இருக்கும் நாய் நீ போன பிறகு வந்தது. யாரோ என்று நினைத்துக் குரைக்கும், மனதில் வைத்துக்கொள்ளாதே.

தையல் மெஷின் மேல் உன் பையனுக்கு ஒரு சட்டை வைத்திருக்கிறேன். "இனி இந்த வாசப்படி மிதிக்காதே"ன்னு உன்னைப் பார்த்துச் சொன்ன வாய்க்கு, "பேரனுக்கு என்ன அளவு?"ன்னு கேட்க வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை நிறுத்தி அளந்தேன். இறுக்கினால் பிரித்துவிடலாம், உள்ளே துணி விட்டிருக்கிறேன்.

பி.கு.: போகும்போது அவன் அளவை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. அப்பா கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தையல்காரர் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்.