சூளை வெயிலில் காய்ந்த மல்லாட்டை

அன்பு மகள் வெண்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே விருத்தாசலத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் அப்பாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. மங்கலம்பேட்டைக்காரரிடம் நீ கொடுத்தனுப்பிய சென்சார்கள் பத்திரமாக வந்து, நம் பீங்கான் பட்டறைக் கூரைமேல் வானிலை நிலையமே எழுந்துவிட்டது! சென்சார் வைக்கக் கடையில் விற்கிற வெள்ளைக் கூண்டு நமக்குக் கட்டுப்படியாகாது என்று, சுடாத சாஸர்களில் துளை போட்டுச் சுட்டு, கவிழ்த்து அடுக்கி, அதற்குள் சென்சாரை உட்கார வைத்தார். பார்க்க அத்தனை அழகு. காற்றின் வேகம் பார்க்கவும் நம் டீ கப்புகளையே கட்டினார், அது அசையவே இல்லை. கன்னம் வீங்க ஊதிப் பார்த்தார், நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு பிளாஸ்டிக் பந்துகளைப் பாதியாக நறுக்கிக் கட்டியதும் காற்றாடியாகச் சுற்றியது.

தினமும் காலையில் அது சொல்வதை விவசாயிகளின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்புவது என் வேலை. ஒருமுறை மழையைச் சரியாகச் சொல்லிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள். போன செவ்வாய்க்கிழமை வானம் மூட்டமாக இருந்தும் நம் வானிலைப் பெட்டி கொளுத்தும் வெயில், காற்றில் ஈரமே இல்லை என்றது. நானும் மல்லாட்டை காயப்போடலாம் என்று அனுப்பிவிட்டேன். பின்தெரு நீலாவதி அதை நம்பி, கொட்டகையில் வைத்திருந்த வேர்க்கடலையை எல்லாம் கொல்லையில் பரப்பிவிட்டாள். அவளுடைய வருஷ உழைப்பும் அடுத்த போகத்து விதையும் அதுதான். மதியம் உன் அப்பா பெட்டியைப் பார்த்து, வெயில் ஏறுது, காத்தழுத்தம் மட்டும் ஏன் எறங்குது என்று முணுமுணுத்துக்கொண்டே நிமிர்ந்தவர், ஐயையோ பானு, இது நம்ம சூளை வெயிலுடி, மழ வரப்போவுது என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்குச் சூளை மூட்டியிருந்தோம், புகைபோக்கியின் பக்கத்திலேயே பெட்டி! செராமிக் ஊர்க்காரர்களைத் தவிர யாருக்கு இந்தப் புத்தி வரும்? சூளைக்கு ஒரே ஒரு ஆளை விட்டுவிட்டு, பட்டறை ஆட்கள் எல்லோரும் கப்பு காயவைக்கும் பலகைகளும் தார்ப்பாயுமாக நீலாவதி கொல்லைக்கு ஓடினோம். வாரி வாரிக் கொட்டகையில் கொட்டினோம். கடைசிக் கூடையை உள்ளே வைக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. நனைந்துபோய் நான் சிரித்தேன், அழுதேன், எது எதென்று எனக்கே தெரியவில்லை. நீலாவதி மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் கொட்டகைக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கடப்பாறையோடு வந்து நின்றாள். பெட்டியை உடைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று உன் அப்பா மெல்ல என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார், வீரர்! அவளோ, இனிமே ஒங்க சூளை வெயில எனக்கு அனுப்பாதீங்க யக்கா, எங்கொல்லை வெயில நான் ஒங்களுக்கு அனுப்புறேன் என்று சொல்லி, கம்பத்தோடு பெட்டியைக் கழற்ற வைத்து, அவள் கொல்லை வரப்பில் தானே குழி தோண்டி நட்டுவிட்டாள். வேப்பூர் பக்கத்திலிருந்தும் இதுபோல் ஒன்று கேட்கிறார்கள், அதனால் இன்னொரு செட் சென்சார் அனுப்ப மறந்துவிடாதே. வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, அப்பாவிடம் பேசும்போது கடப்பாறை விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. பழமலைநாதர் அருளால் நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இதை முடிக்கும்போதே நீலாவதியின் இன்றைய செய்தி வந்துவிட்டது: இன்னைக்கு மழ கெடையாது, அண்ணன தைரியமா சூளைய மூட்டச் சொல்லுங்க.

ஆசிகளுடன்
உன் அம்மா
பானுமதி திருமால்